அளவு நோட்டு

நம் தமிழ்ச் சங்கத்தின் காரியதரிசி சென்ற மாதம் ஓர் இரவு என் அறைக்கு வந்தார். "ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு. போன வருஷம் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதினாயே, அதைப் போல் சிரிப்பாக இருக்கட்டும்" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் சாம்பார் வர மறுக்கிறது. வேறொரு விஷயம் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. காரியதரிசி என்னை மன்னிக்க வேண்டும்.

காரணம் இதுதான். இவ்வருஷம் நம் பொங்கல் விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, முதலாண்டு மாணவன் ஒருவனுடைய தகப்பனார் என்னைப் போனில் கூப்பிட்டார். பையன் யார், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சங்கத்து அழைப்பிதழில் என் எண்ணைப் பார்த்தாராம்.

"போனை எடுக்க மாட்டேங்கிறான் தம்பி. எடுத்தாலும் எரிஞ்சு விழறான். அவங்க அம்மா கிட்டேயே, 'என்னை விடு'ன்னு கத்தறான். டில்லிக்குப் போனதும் திமிர் வந்துடுச்சு. நீங்க பெரியவங்க, நாலு வார்த்தை கண்டிச்சு வைக்கணும்."

'திமிர்' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, என் தகப்பனார் என்னைப் பற்றிச் சொல்லிவந்த சொல்லும் அதுவே.

எங்கள் ஊர் குளித்தலை, காவிரியின் தென்கரை. என் தகப்பனாருக்குத் தையல் கடை. கடை என்றால் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். ஒரு கால் மிஷின், துணி வெட்டுகிற ஒரு மேசை, கழுத்தில் ஓர் இஞ்சு நாடா, ஆணியில் தொங்கும் ஓர் அளவு நோட்டு. அவ்வளவுதான் ஆஸ்தி. அப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவருக்கு இருந்த ஆசையெல்லாம், தம் பையன் கையில் கத்தரி ஏறக்கூடாது என்பது ஒன்றுதான்.

2018-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பில் 500-க்கு 478 மதிப்பெண் வாங்கினேன். அதுதான் வினையாயிற்று. பக்கத்து மாவட்டத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். மருத்துவக் கல்லூரிக்கு நீட் தேர்வு கட்டாயமாகி நமது மாநிலத்தில் ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஊரெல்லாம் ஒரே பரபரப்பு. அம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. நான் விடுதிக்குப் போனேன்.

காலை ஐந்து மணிக்கு மணி அடித்தால் இரவு பதினோரு மணிக்குத்தான் விளக்கு அணையும். அந்தப் பள்ளியைப் பற்றி நிறையச் சொல்லலாம்; ஆனால் என்னோடு அங்கே இருந்தவர்களில் பலர் நன்றாகவே படித்து வெளியே வந்தார்கள். ஆகவே அதன் தலையில் எல்லாவற்றையும் போட நான் விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் வீட்டோடு போனில் பேசலாம். எங்கள் வீட்டுப் பேச்சு முழுவதையும் இங்கேயே எழுதிவிடலாம்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"படிக்கிறியா?"

"படிக்கிறேன்."

"உடம்பு?"

"நல்லா இருக்கு."

அக்டோபர் மாதத்திலிருந்து இந்த மூன்று பதில்களுமே பொய். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு தூக்கம் வராது. புத்தகத்தில் ஒரே வரியை நான்கு முறை படிப்பேன். ஐந்தாவது முறையும் அது புதிதாக இருக்கும். சோறு வாயில் துணியைப் போல் கிடக்கும். அழுகை வந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும், அது வரவில்லை. கோபந்தான் வந்தது. பக்கத்துக் கட்டில் பையன் பேனாவைக் கேட்டால் கோபம். அம்மா போனில் 'கண்ணு' என்று கூப்பிட்டால் கோபம்.

எனக்குள் ஒரு கணக்கு வேறு ஓடிக்கொண்டிருந்தது. கட்டணம் இவ்வளவு, சங்கிலிக்கு வட்டி இவ்வளவு, நான் என்ற ஒருவன் இல்லாமற் போனால் வீட்டுக்கு மிச்சம் இவ்வளவு. அது எத்தனை முட்டாள்தனமான கணக்கு என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்றோ, அதைப் போலப் பிசகில்லாத கணக்கு உலகத்திலேயே இல்லை என்று தோன்றியது. அந்த நோயின் சாமர்த்தியமே அதுதான். நம்முடைய குரலிலேயே நம்மோடு பேசும்.

தீபாவளிக்கு வந்தபோது வீட்டில் சண்டை. 2019 பொங்கலுக்கு வந்தவன், திரும்பிப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கூடத்து மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அம்மா கொண்டுவந்த இட்லித் தட்டை ஒரு நாள் காலால் தள்ளிவிட்டேன். எழுதவே கூசுகிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும்.

அப்பா வாசலில் நின்றுகொண்டு சொன்னார்: "சங்கிலியை வெச்சுப் படிக்க வைக்கிறேன். இவனுக்கு என்ன குறைச்சல்? எல்லாம் திமிர்."

தெருவிலோ ஆளுக்கு ஒரு வைத்தியம். காதல் விவகாரம் என்றார் ஒருவர். செல்போனால் வந்த கேடு என்றார் மற்றொருவர். என்னிடம் செல்போனே கிடையாது. காத்து கருப்பு என்றாள் எதிர் வீட்டு ஆயா. அம்மா என்னைக் குணசீலத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். மனப்பிணி உள்ளவர்கள் 48 நாள் தங்கி வழிபடும் பெருமாள் கோயில் அது. காவிரிப் பாலத்தைத் தாண்டி, முசிறி வழியாகப் போக வேண்டும். முகத்தில் தீர்த்தம் தெளித்தார்கள். போனது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. யாரோ ஒருவர் என் பக்கத்தில் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்து, அப்போது வெகு நாளாகியிருந்தது. ஆனாலும் நோய் தீரவில்லை.

ஜனவரி மாதக் கடைசியில் சித்தி மகளுக்குக் கல்யாணம் வந்தது. என்ன கோபம் இருந்தாலும் தையற்காரர் மகன் பழைய சட்டையோடு கல்யாணத்துக்குப் போக முடியுமா? அப்பா என்னைக் கடைக்கு வரச் சொன்னார். நோட்டை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு அளவெடுக்க ஆரம்பித்தார்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதே."

"பிடிக்கலைப்பா."

மறுபடியும் மார்பைச் சுற்றி நாடாவைப் போட்டார். மூன்றாம் முறையும் போட்டார். பிறகு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, மேசைமேல் இருந்த இரும்பு ஸ்கேலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். பழைய துணி நாடா இழுபட்டு நீண்டுவிட்டால் அளவைக் குறைத்துக் காட்டும். அப்படி இருக்குமோ என்று சந்தேகம். நாடா சரியாகத்தான் இருந்தது.

நோட்டில் நான் விடுதிக்குப் போவதற்கு முன் ஜூன் மாதம் எழுதிய அளவு இருந்தது. மார்பு 34, இடுப்பு 29. இப்போது மார்பு 31, இடுப்பு 25½. கையின் நீளம் மட்டும் அரை இஞ்சு கூடியிருந்தது. வளர்கிற பையன் அல்லவா? ஊரில் உள்ள பையன்களையெல்லாம் வருஷந்தோறும் அளந்து அளந்து எழுதுகிறவர் அவர். பதினாறு வயதில் அளவு கூடும்; குறையாது என்பது அவருக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்பா மிஷின் முன் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். நெடுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "திமிர் பிடிச்சவன் இப்படி இளைக்க மாட்டான்" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. நோட்டிடம் சொன்னதாகத்தான் தோன்றியது.

அடுத்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போனோம். வாரத்தில் ஒரு நாள் அங்கே மனநல மருத்துவர் வருவார். மாவட்டந்தோறும் மனநல மருத்துவத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று 1996-ல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியதே, அதன் பலன் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் எட்டியிருந்தது. டாக்டரம்மா முதலில் என்னோடு தனியே பேசினார். அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டு, "உங்க பையனுக்கு வந்திருக்கிறது மனச்சோர்வு" என்றார்.

"சோர்வுன்னா நல்லா தூங்கி எழுந்தா போயிடுமில்லீங்களா?" என்று அப்பா கேட்டார்.

இந்தச் சொல்லை யார் ஆக்கினார்களோ தெரியாது. நல்ல தமிழ்தான், சந்தேகமில்லை. ஆனால் சோர்வு என்றால் நம் ஜனங்களுக்கு மத்தியான அசதிதான் நினைவுக்கு வரும். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுவதும் மனம் இருண்டு கிடப்பது, பிடித்ததெல்லாம் பிடிக்காமற் போவது, பசியும் தூக்கமும் கெடுவது — இத்தனையும் அந்தச் சின்னச் சொல்லுக்குள் தெரிவதில்லை. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இந்நோய் வரும்போது துக்கமாகவே தெரிய வேண்டும் என்பதில்லை. எரிச்சலாகவும் கோபமாகவும் தெரியலாம் என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். 10 முதல் 19 வயதுக்குள் உள்ளவர்களில் 7 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் குறை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஒரு வகுப்பில் 42 பேர் என்றால் ஆறு பேர். அந்த ஆறு பேரில் எத்தனை பேருக்கு வீட்டில் 'திமிர்' என்ற பட்டம் கிடைத்திருக்குமோ!

ஃபுளூவாக்செடின் என்ற மாத்திரை கொடுத்தார். அது நன்றாக வேலை செய்வதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்றும், முதற் சில வாரங்களில் பையனைத் தனியே விடாமல் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். வாரந்தோறும் வந்து பேசிவிட்டுப் போகச் சொன்னார். கடைசியாக அப்பாவிடம் சொன்னதுதான் கடினமானது: "சாகணும்னு எண்ணம் வருதான்னு நீங்களே அவனைக் கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடாது. கேட்கலைன்னாத்தான் அவன் தனியா இருப்பான்."

அன்று இரவு அப்பா பாயைக் கொண்டுவந்து, நான் படுத்திருந்த இடத்துக்கும் வாசற்கதவுக்கும் நடுவே விரித்தார். விளக்கை அணைத்த பிறகு வெகு நேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம் இருட்டில் அவர் குரல் வந்தது.

"தம்பி, சாகலாம்னு தோணுதா?"

பதினாறு வருஷத்தில் என் தகப்பனார் என்னை மதிப்பெண்ணையும் சாப்பாட்டையும் தவிர வேறு ஒன்று கேட்டது அப்போதுதான். "தோணுதுப்பா" என்றேன். சங்கிலிக் கணக்கையும் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. எழுந்து வந்து என் பாயிலேயே ஓரமாகப் படுத்துக்கொண்டார். "சங்கிலி கிடக்குது போ" என்றார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் அன்று அழுதேன். மாதக் கணக்கில் வராமலிருந்த அழுகை.

அந்த ஒரு ராத்திரியோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. மறுநாள் காலை நான் எழுந்திருக்க மறுத்தேன். அப்பா எரிந்து விழுந்தார். பிறகு நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். அந்த மாதம் முழுவதும் இப்படித்தான்.

பெரிய வேலை எதுவும் கொடுக்க வேண்டாம், சின்ன வேலை ஒன்றைத் தினமும் ஒரே நேரத்தில் செய்ய வையுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அப்பாவிடம் இருந்த சின்ன வேலை ஒன்றுதான்: காஜா எடுப்பது. தையற் கடைக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும். பட்டன் நுழைகிற ஓட்டையைச் சுற்றி ஊசியால் நெருக்கமாகப் பின்ன வேண்டும். இல்லாவிட்டால் இழை பிரிந்துவிடும். கடைகளில் இதற்கென்று ஒரு 'காஜாப் பையன்' இருப்பான். மகன் கையில் கத்தரி ஏறக்கூடாது என்று சங்கிலியை அடகு வைத்த மனிதர், தாமே என் கையில் ஊசியைக் கொடுத்தார். அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. முதல் நாள் மூன்று காஜா எடுத்தேன், மூன்றும் கோணல். இரண்டை அவர் பிரித்துவிட்டுத் திரும்ப எடுத்தார்; ஒன்றை அப்படியே விட்டுவிட்டார். அந்தச் சட்டையை யார் போட்டுக்கொண்டு போனாரோ, பாவம்!

ஒரு நாள் ரவிக்கைத் துணி கொண்டுவந்த அம்மாள் ஒருத்தி, "என்ன, பையன் பள்ளிக்கூடம் போகலையா?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். 'மஞ்சள் காமாலை' என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அம்மா தெருவில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள்.

"உடம்பு சரியில்லே. டாக்டர்கிட்டே காட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார் அப்பா.

"என்ன உடம்புக்கு?"

"மனசுக்கு" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

மாத்திரை பாதி என்றால் அந்த ஒரு சொல் பாதி என்று சொல்லலாம் போல் இருக்கிறது. டாக்டரம்மா ஒப்புக்கொள்வாரோ என்னவோ!

என் தகப்பனார் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. எங்கள் பக்கத்துத் தகப்பன்மார் கேட்கிற வழக்கமும் இல்லை. அவர் செய்தது சரி என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். அந்த 'திமிர்' என்னை எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போயிற்று என்று எனக்குத்தான் தெரியும். நானும் இட்லித் தட்டுக்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டது நான்கு வருஷம் கழித்து, டில்லியிலிருந்து, போனில். ஆனால் அந்தக் கல்யாணச் சட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைப் போட்டுப் பார்த்தபோது உள்ளே கையில் தடிப்பாக ஏதோ தட்டுப்பட்டது. இரு பக்கத்துத் தையலிலும் துணியைத் தாராளமாக உள்ளே விட்டு அடித்திருந்தார்.

"எதுக்குப்பா இவ்வளவு துணி?" என்று கேட்டேன்.

"அப்புறம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்றார்.

அந்த ஆகஸ்டு மாதம் பிரித்து விட்டார். நோட்டில் மார்பு 33 என்று எழுதினார்.

மற்றது சுருக்கமான கதை. ஜூன் மாதம் எங்கள் ஊர் அரசுப் பள்ளியிலேயே மறுபடியும் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். மருத்துவம் வேண்டாம், பொருளாதாரம் படிக்கிறேன் என்றேன்; அப்பா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் சரி என்றார். ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்காக இத்தனை பாடும் பட்டோமோ, அந்தத் தேர்வு எங்கள் வருஷத்துப் பிள்ளைகளுக்கு நடக்கவேயில்லை! கொரோனாவின் காரணமாக 2021-ல் அதை ரத்து செய்துவிட்டார்கள். செய்தியைக் கேட்டு அப்பா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

இனி நம் முதலாண்டு மாணவனிடம் வருகிறேன். அந்தத் தகப்பனார் சொன்னபடி நான் அவனைக் கண்டிக்கப் போகவில்லை. கதவைத் தட்டினேன், அன்று திறக்கவில்லை. மறுநாளும் தட்டினேன். திறந்தான். அறை கிடந்த கிடப்பைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. இருட்டில் என் தகப்பனார் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டேன். கேட்கும்போது என் கை நடுங்கியது. பதிலை இங்கே எழுத மாட்டேன். அன்றிரவு அவனுடனேயே தங்கினேன். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். 2022 அக்டோபர் 10-ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் அது. கட்டணமில்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். காலையில் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு இருவரும் போனோம். நம் சங்கத்து நண்பர்கள் இந்த எண்ணை அறைக் கதவின் உட்புறம் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது. கிரிக்கெட் அட்டவணைக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கும்.

ஆனால் அவன் தகப்பனாரிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்குச் சொல்லலாம் என்று அவன் ஒப்புக்கொண்டான்; தானே சொல்ல மட்டும் முடியாது என்றான். என்னாலும் முடியவில்லை. இரண்டு முறை கூப்பிட்டு, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். கடைசியில் அவனைக் கேட்டுக்கொண்டு, என் தகப்பனாருக்கு விஷயத்தைச் சொல்லி அந்த எண்ணைக் கொடுத்தேன். இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசினார்களாம்.

"என்னப்பா பேசினீங்க?" என்று அன்றிரவு கேட்டேன்.

"பெரிசா ஒண்ணுமில்லே. பையனுக்குக் கடைசியா எப்போ சட்டை எடுத்தீங்க, என்ன அளவுன்னு கேட்டேன். ஜூலையிலே 38 எடுத்தாராம். இப்போ என்ன அளவு இருக்கும்னு கேட்டேன். தெரியலைன்னார். போய்ப் பார்த்துட்டு வாங்கன்னேன்."

அவர் வந்தார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அன்று மூடுபனியில் நான்கு மணி நேரம் தாமதம். யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்வெட்டர் அவருக்குக் கையில் குட்டையாக இருந்தது; ஒரு பை நிறைய முறுக்கு. வழி நெடுக என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அறைக் கதவைத் தட்டி, அவன் திறந்ததும் நான் விலகி, தாழ்வாரத்தில் போய் நின்றுகொண்டேன். உள்ளே பேச்சுக் குரலே கேட்கவில்லை. கால் மணி, அரை மணி ஆயிற்று. பிறகு அவர் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டி, "தம்பி, இங்கே வெந்நீர் எங்கே கிடைக்கும்? இவன் குளிக்கிறேங்கிறான்" என்று கேட்டார்.